அடுக்களையின் அளவும் சமைப்போர் இரசனையும்: பிராங்க்பேர்ட் சமையலறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அரண்மனைகளும் ஆலயங்களும் கோட்டைகளும் வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெற்ற அளவுக்கு அடுக்களை அவர்களது கவனத்தைப் பெற்றதில்லை. அரசன் வீற்றிருந்த மண்டபத்தின் நீள அகலங்களை ஆராய முற்பட்டோர், அவனுக்கும் அவனது குடிகளுக்கும் உணவு சமைக்கப்பட்ட இடத்தின் நீள அகலங்கள் பற்றி அதிகம் வினவவில்லை. ஆயினும், ஒரு சமுதாயத்தில் யார் உழைக்கின்றனர், அவ்வுழைப்பு எவ்வாறு மதிக்கப்படுகின்றது, அதனை ஒழுங்கு செய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பவற்றை அறிவதற்கு அடுக்களை தெளிவானதொரு சான்றாகும். அங்கு நிகழும் உழைப்பு பெரும்பாலும் பெண்களின் உழைப்பாகவும் கூலியற்ற உழைப்பாகவும் இருந்து வந்துள்ளமை இச்சான்றின் முக்கியத்துவத்தை மேலும் அதிகரிக்கச் செய்கின்றது.

சமையலறையின் அமைப்பு மாறுவதை நாம் பொதுவாக நாகரிக மோகமாகவே கருதுகின்றோம். ஒரு காலத்தில் வெள்ளை நிறம், பிறிதொரு காலத்தில் பச்சை நிறம். ஒரு காலத்தில் மூடிய அறை, பிறிதொரு காலத்தில் திறந்த அறை என்றவாறு மாறி வருவது வெறும் இரசனை சார்ந்த விடயம் என்று எண்ணி விடுகின்றோம். மறுபுறத்தில், வீடமைப்புத் திட்டங்களை வகுப்போர் சமைப்போரின் விருப்பு வெறுப்புகளைப் பழமைப்பற்று என்று ஒதுக்கி, அளவுகோலும் கடிகாரமும் காட்டும் முடிவுகளை மட்டுமே அறிவியல் என ஏற்றுக்கொள்வதுண்டு. இவ்விரு நோக்குகளும் முழுமையானவை அல்ல. இரசனை எனப்படுவதனுள் நீண்டகால உழைப்பின் அனுபவமும் உறைந்துள்ளது. அதனைக் கேட்டறியாது வகுக்கப்படும் அடுக்களை எத்துணை நுட்பமானதாயினும் குறைபாடுடையதாகவே அமைகின்றது. 1926ஆம் ஆண்டு ஜேர்மனியில் உருவான பிராங்க்பேர்ட் சமையலறையின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடுக்களையினுள் நுழைந்த அளவுகோல்

சமையலறையை ஒரு தொழிற்களமாகக் கருதி அதனைத் திட்டமிட வேண்டும் என்ற சிந்தனை முதலில் அமெரிக்காவிலேயே வலுப்பெற்றது. கதரின் பீச்சர் என்னும் அம்மையார் 1841ஆம் ஆண்டில் வீட்டுப் பொருளாதாரம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பின்னர் 1869ஆம் ஆண்டில், அடிமை முறையை எதிர்த்து நாவல் எழுதிப் புகழ்பெற்ற தம் சகோதரி ஹரியட் பீச்சர் ஸ்ரோவுடன் இணைந்து, அமெரிக்கப் பெண்ணின் இல்லம் பற்றி மற்றொரு நூலை எழுதினார். கப்பலொன்றின் சிறிய சமையற்கூடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் எல்லாப் பொருள்களும் வைக்கப்பட்டு, பெருந்தொகையினருக்கு உணவு சமைக்கப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். பணியாட்களை நம்பியிராது குடும்பப் பெண்ணே தன் கருமங்களை ஆற்றக்கூடியவாறு வீட்டின் சமையலறை அமைய வேண்டும் என்பது அவரது வாதம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சிந்தனை தொழிற்சாலையோடு தொடர்புற்றது. பிரெடரிக் டெயிலர் என்பவர் 1911இல் வெளியிட்ட நூல், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து வீணான அசைவுகளை நீக்கும் முகாமைத்துவ முறையைப் பரப்பியது. அடுத்த ஆண்டிலேயே கிறிஸ்டீன் பிரெடரிக் என்னும் பெண்மணி அம்முறையை வீட்டுக்குப் பிரயோகித்துப் பெண்கள் சஞ்சிகையொன்றில் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். அவை 1913இல் நூலாயின. பாத்திரம் கழுவுவதற்கு எத்தனை அடி நடக்க வேண்டியுள்ளது, தொட்டியும் அடுப்பும் அலுமாரியும் எவ்வரிசையில் அமைந்தால் அந்நடை குறையும் என்பன அவர் எழுப்பிய வினாக்கள். இவரது நூல் 1920களின் தொடக்கத்தில் ஜேர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, அந்நாட்டுக் கட்டடக்கலைஞரிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்றது.

அதே காலத்தில் வேறொரு மார்க்கமும் முன்வைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அடுப்பு எரிய வேண்டியதில்லை. பல குடும்பங்களுக்கு ஒரு பொதுச் சமையற்கூடம் போதும் என்போர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தனர். வியன்னா நகரில் 1920களில் இயங்கிய ஹைம்ஹோஃப் என்னும் குடியிருப்பு இக்கருத்தின் அடிப்படையில் அமைந்தது. ஆயின், இம்முயற்சிகள் பரவலாகவில்லை. சமையலைச் சமூகத்தின் பொது வேலையாக்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வீட்டினுள்ளும் தனித்தனியே விரைவாக்குவது என்ற மார்க்கமே வெற்றி பெற்றது.

பிராங்க்பேர்ட் சமையலறையின் தோற்றம்

முதலாம் உலகப் போரின் பின்னர் ஜேர்மன் நகரங்களில் கடுமையான வீட்டுத் தட்டுப்பாடு நிலவியது. பிராங்க்பேர்ட் நகரின் கட்டடத் திட்டப் பொறுப்பை 1925இல் ஏற்ற ஏர்ன்ஸ்ட் மாய், சில ஆண்டுகளுள் பல்லாயிரம் வீடுகளைக் கட்டும் திட்டத்தை முன்னெடுத்தார். குறைந்த செலவில் அதிக வீடுகள் என்பதே அத்திட்டத்தின் தாரகமந்திரம். அவ்வீடுகளுக்குரிய சமையலறையை வடிவமைக்கும் பொறுப்பு, 1926இல் வியன்னாவிலிருந்து அழைக்கப்பட்ட மார்கரெட்டே லிஹொட்ஸ்கி என்னும் இளம் பெண் கட்டடக்கலைஞருக்கு அளிக்கப்பட்டது. 1897இல் பிறந்த இவர் ஒஸ்திரியாவில் கட்டடக்கலை பயின்ற முதற் பெண்களுள் ஒருவர். மணம் புரிந்த பின்னர் ஷூட்டே-லிஹொட்ஸ்கி என அறியப்பட்டார்.

அக்காலத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கை பெரும்பாலும் ‘வாழ்வறைச் சமையலறை’ ஒன்றையே மையமாகக் கொண்டிருந்தது. அடுப்பு எரியும் அவ்வறையே குளிர்காலத்தில் வெப்பமுள்ள ஒரே அறை. அங்கேதான் சமைத்தனர், உண்டனர், துணி துவைத்தனர், பிள்ளைகளைக் குளிப்பாட்டினர். சிலர் அங்கேயே உறங்கினர். வீட்டில் இன்னுமோர் அறை இருப்பின், அது ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் விருந்தினருக்கும் உரிய நல்லறையாகப் பூட்டி வைக்கப்பட்டது. சீர்திருத்தவாதிகளின் கண்ணுக்கு இவ்வழக்கம் சுகாதாரக் கேடாகவும் இடத்தை வீணாக்குவதாகவும் தோன்றியது.

ஷூட்டே-லிஹொட்ஸ்கி அமைத்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்டது. புகைவண்டியின் உணவுப் பெட்டியிலுள்ள ஒடுங்கிய சமையற்கூடம் அதற்கு ஒரு முன்மாதிரியாயிற்று. யன்னலின் கீழ் வேலைப்பலகை. அதன்முன் அமர்ந்து வேலை செய்வதற்குச் சுழலும் முக்காலி. சுவரிலிருந்து மடக்கி இறக்கக்கூடிய துணி அழுத்தும் பலகை. கூரையில் ஒரு தண்டவாளத்தில் நகரும் விளக்கு. அரிசி, சீனி போன்றவற்றைக் கொட்டி வைப்பதற்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் என யாவும் நுணுக்கமாகத் திட்டமிடப்பட்டன. மாவைப் புழுக்கள் அணுகாதிருக்க மாப்பெட்டி ஓக் மரத்தாலும், கறையும் கத்தித் தடமும் எளிதிற் பற்றாதிருக்க வேலைப்பலகை பீச் மரத்தாலும் செய்யப்பட்டன. ஈக்கள் நீலநிறப் பரப்பை நாடுவதில்லை என்ற கருத்தின்படி அலுமாரிகளுக்கு நீலப்பச்சை வண்ணம் பூசப்பட்டது. அடுத்த அறையில் விளையாடும் பிள்ளைகளைத் தாய் கவனிக்கும் பொருட்டு இடையில் அகன்ற தள்ளுகதவு வைக்கப்பட்டது. இவ்வாறான சமையலறைகள் ஏறத்தாழ 10,000 அமைக்கப்பட்டன. அதற்கான செலவு வீட்டு வாடகையோடு சேர்க்கப்பட்டமையால், தனியே பணம் கொடுத்து வாங்க இயலாதோருக்கும் அது கிட்டியது.

இதன் நோக்கத்தைக் குறைத்து மதிப்பிடுதல் நியாயமன்று. வீட்டு வேலையின் நேரம் குறைந்தால் பெண்களுக்குத் தொழிலுக்கும் கல்விக்கும் ஓய்வுக்கும் நேரம் கிட்டும் என ஷூட்டே-லிஹொட்ஸ்கி உளமார நம்பினார். பிற்காலத்தில் நாசிகளுக்கு எதிரான இயக்கத்தில் இணைந்து 1941இல் கைதாகி, 1945 வரை சிறையில் வாடிய அவர், தம் கொள்கைகளுக்காக எத்தகைய துன்பத்தையும் ஏற்றவர். ஆனால், அச்சமையலறையை வடிவமைக்கும் வரையில் தாம் சமைத்ததுமில்லை, குடும்பம் நடத்தியதுமில்லை என முதுமையில் அவரே வெளிப்படையாகக் கூறியமையும் வரலாற்றுக்கு முக்கியமான ஒரு தகவலாகும்.

குடியிருந்தோரின் எதிர்வினை

புதிய வீடுகளிற் குடியேறியோர் இச்சமையலறையை எவ்வாறு ஏற்றனர்? பலர் தம் பழைய மேசையையும் கதிரைகளையும் அவ்வொடுங்கிய அறையினுள் எப்படியாயினும் புகுத்த முயன்றனர். அடுப்பருகே அமர்ந்து உண்ணும் பழக்கத்தைக் கைவிட அவர்கள் விரும்பவில்லை. பெயர் பொறித்த இழுப்பறைகளில் அப்பெயருக்குரியன அல்லாத வேறு பொருள்களையும் வைத்தனர். அவ்விழுப்பறைகள் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டுவதும் ஒரு குறையாயிற்று. முற்றாக மின்மயமாக்கப்பட்ட றோமர்ஸ்ராட் குடியிருப்பில் மின் அடுப்புக்கான செலவு குறித்து முறைப்பாடுகள் எழுந்தன. இவற்றைப் பழக்கத்தின் பிடிவாதம் எனத் திட்டமிட்டோர் கருதினர். மக்களுக்குப் புதிய முறையில் வாழக் கற்பிக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட பரிகாரம்.

ஆனால், இம்முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக ஆராயுமிடத்து அவை வெறும் பழமைப்பற்று அல்ல என்பது புலனாகும். அடுப்பருகே மேசை வேண்டுமென்ற விருப்பின் பின்னால், எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கணக்கு இருந்தது. சமைக்கும் சூட்டிலேயே குளிரும் காய்ந்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, கணவனோடும் அயலவரோடும் உரையாடிக்கொண்டு வேலை செய்த ஒரு முறை அங்கிருந்தது. காலடிகளை எண்ணியோர் இவற்றை எண்ணவில்லை. இரண்டு பேர் ஒருங்கே நின்று வேலை செய்வதற்கு இடமில்லாத அறையில், மகளோ கணவனோ உதவிக்கு வருவதும் இயலாதாயிற்று. இவ்வாறாக, வேலையை இலகுவாக்கும் பொருட்டுத் தோன்றிய வடிவம், அவ்வேலை முழுவதும் ஒரு பெண்ணுக்கே உரியது என்பதைச் சுவராகக் கட்டி நிலைநிறுத்தியது. 1970களில் பெண்நிலைவாதிகள் பிராங்க்பேர்ட் சமையலறைக்கு எதிராக எழுப்பிய முதன்மையான கண்டனமும் இதுவேயாகும்.

மாற்று வழி இருக்கவில்லை என்றும் கூற முடியாது. அதே 1920களின் இறுதியில் மியூனிக் நகரில் உருவான சமையலறையில், வேலைக்குரிய பகுதிக்கும் வாழ்வறைக்கும் இடையே கண்ணாடித் தடுப்பு அமைக்கப்பட்டது. புகையும் மணமும் தடுக்கப்பட்டன. தாயும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். குடியிருப்போரின் வழக்கத்தை ஒரு தரவாக ஏற்கும்போது தீர்வும் வேறுபடுகின்றது என்பதற்கு இது சான்றாகும்.

நேரம் மீதமாகும் என்ற எதிர்பார்ப்பும் முற்றாக நிறைவேறவில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியரான றூத் சுவாட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வு, புதிய கருவிகள் வந்தபோது முன்னர் ஆண்களும் பிள்ளைகளும் பணியாட்களும் செய்த வேலைகளும் இல்லத்தரசியிடமே குவிந்தன என்பதையும், தூய்மையும் உணவும் பற்றிய எதிர்பார்ப்புகள் உயர்ந்தன என்பதையும் எடுத்துக்காட்டியது. காலப்போக்கில் பிராங்க்பேர்ட் சமையலறைகளுட் பெரும்பாலானவை குடியிருந்தோரால் அகற்றப்பட்டன. எஞ்சியவற்றுள் ஒன்றை நியூயோர்க் நகரின் நவீன கலைக்கூடம் பெற்று, 2010இல் நடத்திய கண்காட்சியில் காட்சிக்கு வைத்தது. சமைப்போர் வேண்டாமென விட்டதைக் கலைஞர் போற்றி வைத்துள்ளனர்.

தரமும் வணிகமும்

அளவுகோலை ஆதரித்த முன்னோடிகளே தனிமனித வேறுபாட்டை வலியுறுத்தினர் என்பது பலரும் கவனியாத ஓர் உண்மை. வேலைப்பலகையின் உயரம் அதில் வேலை செய்யும் பெண்ணின் உயரத்துக்கு ஏற்ப அமைய வேண்டும் எனக் கிறிஸ்டீன் பிரெடரிக் எழுதினார். 1929இல் புரூக்ளின் எரிவாயு நிறுவனமொன்றுக்காக மாதிரிச் சமையலறை அமைத்த பொறியியலாளர் லிலியன் கில்பிரெத்தும் அதனையே கூறினார். ஆனால், தொழிற்சாலைகளில் அலுமாரிகள் பெருந்தொகையாக உற்பத்தியானபோது, தொட்டி, அடுப்பு, பலகை யாவும் ஒரே மட்டத்தில் ஒரே கோடாக நீள்வது அழகாகவும் மலிவாகவும் காணப்பட்டது. அமெரிக்காவில் 36 அங்குலம் பொது உயரமாயிற்று. குள்ளமான பெண்ணின் தோளும் உயரமான பெண்ணின் முதுகும் அதற்குரிய விலையைச் செலுத்தின.

உடலுக்கேற்ற உயரத்தைத் தெரிவு செய்யும் உரிமை இவ்வாறு நீங்க, அதனிடத்தில் நிறத்தைத் தெரிவு செய்யும் உரிமை வழங்கப்பட்டது. நோய்க்கிருமி பற்றிய அச்சம் நிலவிய நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெள்ளை மேலோங்கியது. 1950களில் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும், 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் அவகாடோப் பச்சையும் பொன்மஞ்சளும் அமெரிக்கச் சமையலறைகளை ஆட்சி செய்தன. தனிப்பட்ட இரசனை என வாங்குவோர் கருதியது, அவ்வாண்டில் நிறுவனங்கள் சந்தைக்கு அனுப்பிய சில நிறங்களுள் ஒன்றே. 1959 ஜூலை மாதம் மொஸ்கோவில் நடைபெற்ற அமெரிக்கக் கண்காட்சியில், நிக்சனும் குருஷேவும் மஞ்சள் நிறச் சமையலறையொன்றின் முன் நின்று இரு பொருளாதார அமைப்புகளின் மேன்மை பற்றி வாதிட்டனர். தெரிவுகளின் எண்ணிக்கையைச் சுதந்திரத்தின் அளவாக ஒரு சாரார் காட்டிய அவ்விவாதத்திலும், சமைப்போர் எவரும் பங்குபற்றவில்லை.

சோவியத் நாட்டின் அனுபவமும் சுவையானது. குருஷேவ் காலத்துத் தொடர்மாடிகளில் ஐந்தாறு சதுர மீற்றர் பரப்புள்ள சமையலறைகளே அமைக்கப்பட்டன. இருந்தும், மக்கள் அதனுள் ஒரு சிறு மேசையைப் போட்டு, தேநீருடன் நள்ளிரவு வரை நண்பர்களோடு அமர்ந்து, வெளியில் பேச முடியாத அரசியலையும் இலக்கியத்தையும் பேசினர். உண்பதற்கும் உறவாடுவதற்கும் அடுப்பருகே இடம் வேண்டும் என்ற விருப்பு, எத்திட்டத்தையும் மீறித் தலைதூக்கியமையை இங்கு காணலாம். மேற்கு ஜேர்மனியிலும் 1982இல் ஒட்ல் ஐஷர் என்னும் வடிவமைப்பாளர் வெளியிட்ட நூல், அறையின் நடுவே பலர் கூடி வேலை செய்யும் மேசையைக் கொண்ட சமையலறையை முன்மொழிந்தது. நல்ல சமையற்காரரின் வேலைக்களங்களை நேரில் அவதானித்தே அவர் இம்முடிவுக்கு வந்தார். பிராங்க்பேர்ட் தொழிலாளர் அரைநூற்றாண்டுக்கு முன் கேட்டது இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

எமது நாட்டுக்கு இதன் பொருத்தம்

இவ்வரலாறு எமக்குத் தொலைவானது எனக் கருதுதல் தவறாகும். நாம் வழங்கும் ‘குசினி’ என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து எமது பேச்சில் நிலைத்தது. சொல் வெளியிலிருந்து வந்தபோதிலும், தலைவாசலிலிருந்து விலகிப் பின்புறத்தில் அமைந்த குசினியின் அமைப்பு எமது சூழலுக்குரியது. விறகுப் புகை, ஓலைக்கூரையில் தீப்பற்றும் அச்சம், உணவின் தூய்மை பற்றிய எண்ணம் ஆகியன அதற்குக் காரணமாயின. அம்மியில் அரைத்தலும் திருவலையில் தேங்காய் துருவுதலும் நிலத்தோடு அமர்ந்து செய்யப்பட்டவை. நின்று சமைக்கும் மேடை வந்தபோது பொருள்கள் மாத்திரமன்றிப் பெண்ணின் உடலிருக்கையும் மாறியது.

இன்று எமது புதிய வீடுகள் பலவற்றில் இரு குசினிகளைக் காணலாம். ‘பான்ரி’ எனப்படும் அலுமாரி வரிசையும் பளிங்கு மேடையும் கொண்ட உட்குசினி துடைத்து வைக்கப்பட்டிருக்க, அன்றாடச் சமையல் பின்புறத்து விறகடுப்பில் நிகழ்கின்றது. ஜேர்மன் தொழிலாளர் பூட்டி வைத்த நல்லறையை இது நினைவூட்டுகின்றது. இதனைப் போலிப் பகட்டென எள்ளி நகையாடுவது எளிது. ஆனால், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சமையல் எரிவாயு கிடைக்காது மக்கள் வீதிகளில் வரிசையாக நின்றபோது, பின்குசினி வைத்திருந்த வீடுகளில் உலை கொதித்தது. அடுப்பு மூட்ட இடமற்ற தொடர்மாடிகளில் வாழ்ந்தோரே பெரிதும் இடருற்றனர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்ட குடியிருப்புகள் சிலவற்றில், புகைபோக்கியின்றி வீட்டினுள்ளேயே சமையலறை அமைக்கப்பட்டது. விறகில் சமைக்கும் அப்பெண்கள் வீட்டின் பின்னால் கொட்டில் போட்டுக்கொண்டனர். அக்கொட்டிலைத் திட்டத்தின் அழகைக் கெடுக்கும் ஒன்றாகப் பார்ப்பதா, திட்டம் கேட்க மறந்த ஒரு விடையாகப் பார்ப்பதா என்பதே எம்முன் உள்ள வினா.

பழைய குசினி யாவற்றிலும் சிறந்தது என்பது இதன் பொருளன்று. புகை நிறைந்த அறையில் வாழ்நாள் முழுவதும் இருந்து இருமிய பெண்களின் துன்பத்தை எந்தப் பழம்பெருமையும் நியாயப்படுத்தாது. அளவுகோலும் தேவை, புகைபோக்கியும் நல்லடுப்பும் குழாய்நீரும் தேவை. அவற்றை எங்கே, எவ்வுயரத்தில், எவ்வாறு அமைப்பது என்பதைத் தீர்மானிக்கையில் சமைப்போரின் சொல்லுக்கும் இடம் வேண்டும் என்பதே பிராங்க்பேர்ட் உணர்த்தும் பாடமாகும்.

முடிவுரை

பிராங்க்பேர்ட் சமையலறை நல்லெண்ணத்தின் விளைவு, நுட்பத்தின் விளைவு, பெண்ணொருவரின் ஆக்கமுங்கூட. இருந்தும் அது சமைப்போரின் மனத்தை முழுமையாக வெல்லவில்லை. வடிவமைப்பாளர் பெண்ணாக இருப்பது மட்டும் போதாது. அவ்வேலையைச் செய்வோரைக் கேட்கும் முறையும் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது. நிறத்தையும் ஓட்டையும் கைபிடியையும் தெரிவு செய்யும் வாய்ப்பு மாத்திரம் இரசனைக்குரிய மதிப்பாகாது. எவ்விடத்தில் அடுப்பு, எவருக்கு அமரும் இடம், எத்தனை பேர் நின்று வேலை செய்வது என்ற அடிப்படை வினாக்களில் அவ்விரசனைக்கு வாக்குரிமை அளிக்கப்பட வேண்டும். எமது பிரதேசங்களில் அழிந்த வீடுகள் பல மீண்டும் கட்டப்பட்டன, இனியும் கட்டப்படும். அவற்றின் வரைபடங்கள் கையொப்பத்துக்குச் செல்லுமுன், அவ்வடுப்பில் நாள்தோறும் உலை வைக்கப்போகும் பெண்களின் முன் ஒருமுறை விரிக்கப்படுமாயின், பின்னர் கொட்டில்கள் போடும் தேவை பெரிதும் குறையும்.